பெரிய வரிசையில் ஒரு சக்கர நாற்காலி

ஃபெலிஸ்மினா பார்ரோஸ் என்று முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் விமான நிலையத்தில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மினா என்றால் எல்லோருக்கும் தெரியும். லிஸ்பனில் இறங்கி வேறு ஊருக்கு விமானம் மாறுகிறவர்கள் பாஸ்போர்ட் சோதனைக்கு வருகிற கூடத்தில், வரிசை தொடங்கும் இடத்தில் நிற்பவள். பதினாறு வருடமாக அதே இடம், அதே நீல மேல்சட்டை. வருகிற ஒவ்வொருவரின் போர்டிங் பாஸையும் பார்த்து, நீங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் என்று பிரித்து விடுவதுதான் வேலை.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள். பிரேசிலிலிருந்து நான்கு விமானம், அங்கோலாவிலிருந்து ஒன்று, எங்கள் கேப் வெர்டி தீவுகளிலிருந்து ஒன்று, எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாக இறங்கும். ராத்திரி முழுக்கத் தூங்காத ஆயிரத்து ஐந்நூறு பேர் அந்த ஒரு கூடத்துக்குள் வந்து விழுவார்கள். ஒவ்வொருவருக்கும் தன் விமானம்தான் முதலில் கிளம்பப் போகிறது.

ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இயந்திரம் இருக்கிறது, அவர்களைப் பற்றிக் கவலையில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வழி. நாடா கட்டிப் பாம்புபோல மடித்து மடித்து விட்டிருக்கும் பெரிய வரிசை ஒன்று. பக்கத்தில் நேராகப் போகும் முன்னுரிமை வரிசை ஒன்று. விலை கூடிய இருக்கையில் வந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், அடுத்த விமானத்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லாதவர்கள், இவர்களுக்கெல்லாம் அது. இரண்டு வரிசையும் கடைசியில் அதே போலீஸ்காரர்களிடம்தான் போய் நிற்கின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை. சில நாள் முன்னுரிமை வரிசையில் ஆள் கூடிப்போய், பெரிய வரிசை அதை முந்திக்கொண்டு போகும். அந்த நேரத்தில் விலை கூடிய கனவான்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, மறைக்க மாட்டேன்.

என் பெயர் வால்டொமீரோ, வால்டு என்பார்கள். பதினோரு வருடமாகச் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை. விமானத்தின் வாசலில் ஆளை ஏற்றிக்கொண்டு, மினாவின் கூடம் வழியாக, அடுத்த விமானத்தின் வாசலில் இறக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை அவளைக் கடந்து போவேன். அவளும் கேப் வெர்டிக்காரி, நானும் கேப் வெர்டிக்காரன். ஆனால் அவள் ஃபோகு தீவு, நான் சாவ் விசென்ட் தீவு. இது போதாதா சண்டைக்கு?

"உங்க தீவுல எரிமலையைத் தவிர வேற எதுவும் சுறுசுறுப்பா இருக்காதாமே, மினாக்கா?" என்பேன் போகிற போக்கில்.

"ஆமாடா. உங்க ஊர்ல எல்லாரும் கிட்டாரைத் தூக்கிட்டு அலையறீங்க, வேலைய யாரு தூக்கறது? தள்ளிட்டுப் போ, வழிய அடைக்காதே."

மினா முகங்களைப் பார்ப்பதில்லை. இது அவள் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். போர்டிங் பாஸில் இருக்கும் நேரத்தைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், கையைக் காட்டுவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "முகத்தைப் பார்த்தா எல்லாருக்கும் அவசரம்தான் வால்டு. அப்புறம் யாரை விடறது, யாரை நிறுத்தறது?" என்றாள். நெஞ்சு கல் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது நிமிடம்தான் மிச்சமென்று ஒரு பெண் விழிபிதுங்கி நின்றால், முன்னுரிமை வரிசையில் முதலில் நிற்கிற கோட்டுக்காரரிடம் போவாள். "ஐயா, உங்களுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. இந்தப் பொண்ணு வயித்துல பால் வார்க்கறது உங்க கையிலதான் இருக்கு" என்பாள். அவர் ஏதோ தானே யோசித்துச் செய்ததுபோல நகர்ந்து வழி விடுவார். அதட்டி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரே மகள், ஜண்டீரா, நர்சுக்குப் படிக்கிறாள். கணவன் எப்போதோ பிரிந்து போனவன். இதற்கு மேல் மினா வீட்டுக் கதை பேசமாட்டாள். பதினாறு வருடத்தில் ஒரு முறைகூட ஊருக்குப் போனதாகவும் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் டிசம்பர் வந்தால் சூட்கேஸும் கையுமாக அலைவார்கள். அவள் அவர்கள் பாஸைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஆறரை மணிக்கு என்னைத் தேடி ஊழியர் அறைக்கே வந்துவிட்டாள். அவள் தன் இடத்தை விட்டு வந்து நான் பார்த்ததில்லை.

"வால்டு, நம்ம தீவுலேர்ந்து வர்ற பிராயா ஃப்ளைட்ல வீல்சேர் எத்தனை?"

"மூணு. ஏன்?"

"ஹெர்குலானோ பார்ரோஸ்னு ஒருத்தர் வர்றாரு. லக்ஸம்பர்க் போறாரு. அவரை நீ எடுத்துக்க. வேற யார்கிட்டயும் விடாதே."

"சொந்தமா?"

"எங்கண்ணன்."

பதினோரு வருடப் பழக்கத்தில் இப்போதுதான் ஒரு அண்ணன் முளைக்கிறான். "அதுக்கென்ன, மூணு நிமிஷத்துல முன்னுரிமை வரிசையில தள்ளி விட்டுடறேன்" என்றேன்.

"அதான் வேண்டாம்ங்கறேன்." என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய வரிசையில கூட்டிட்டு வா. அது பதினாறு மடிப்பு. எட்டுத் தடவை என் பக்கமா வந்து திரும்பும். எட்டுத் தடவை, வால்டு. எனக்கு அவ்வளவுதான் கிடைக்கும்."

நின்றுகொண்டே சொன்னாள். அண்ணன் மகள் ஸெனைடா லக்ஸம்பர்க்கில் இருக்கிறாள். அப்பாவின் முழங்காலை அங்கே ஆபரேஷன் செய்யக் கூட்டிக்கொள்கிறாள். அவள்தான் அத்தைக்கு ரகசியமாகச் செய்தி சொன்னது. அம்மா செத்ததிலிருந்து பத்தொன்பது வருடமாக அண்ணன் மினாவோடு பேசவில்லை. லிஸ்பன் நம்பர் என்று தெரிந்தாலே போனை வைத்துவிடுவார். கடிதம் போட்டால் பிரிக்காமல் திரும்பி வரும். எதனால் என்று அவள் சொல்லவில்லை. "ஒரே ஒரு விஷயம் அவருகிட்ட சொல்லணும். அதைக் கேட்டுட்டு அப்புறம் அவரு இஷ்டம்" என்றாள். ஷிஃப்ட் நடுவில் அவள் வெளியே வர முடியாது, அண்ணனும் கூடத்தைத் தாண்டினால் வாசல், விமானம், அவ்வளவுதான். அந்த வரிசை மட்டும்தான் அவளுக்கு இருந்தது.

ஹெர்குலானோவை, லானு என்றுதான் ஊரில் அழைப்பார்களாம், விமானத்து வாசலில் பார்த்தபோதே இது லேசில் மடங்காத கட்டை என்று புரிந்துவிட்டது. அறுபத்தைந்து தாண்டியவர். கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், கையில் தடி.

"இது எனக்கா?" என்றார் நாற்காலியைப் பார்த்து.

"ஆமாங்கய்யா. உங்க மக புக் பண்ணியிருக்காங்க."

"அவளுக்கு அப்பன் செத்துட்டான்னு நெனப்பு." உட்கார்ந்தார். "நீ எந்தத் தீவு?"

"சாவ் விசென்ட்."

"ம். அப்ப சிரிச்சுக்கிட்டே வழி தப்ப விடுவே. பாத்துத் தள்ளு."

அவருடைய விமானம் எட்டரைக்கு. எட்டு பத்துக்கு வாசலை மூடுவார்கள். கூடத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது ஏழு ஐந்து. பெரிய வரிசை பதினாறு மடிப்பும் நிறைந்து வாசல்வரை வழிந்துகொண்டிருந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நீள வரிசையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மினா எங்களைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்காதவள் அன்று முகத்தைத்தான் பார்த்தாள். "அண்ணா" என்றாள்.

லானு நிமிர்ந்தார். இரண்டு கைகளும் தடியின் பிடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு நேராகப் பார்வையைத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தள்ளு."

தள்ளினேன். முதல் திருப்பம் போயிற்று.

இரண்டாவது மடிப்பில் போய்த் திரும்பி வந்தோம். மினா நாடாவோரமாக இரண்டு எட்டு நடந்து வந்து நின்றாள். "முட்டி ரொம்ப வலிக்குதாண்ணா?" என்று கேட்டாள். அவர் என் பக்கம் கழுத்தைத் திருப்பி, "இந்தம்மா யார்கிட்ட பேசுது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மினா அடுத்து வந்தவனின் போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்தாள். எழுத்து தெரிந்திருக்காது அவளுக்கு, கண் அப்படி இருந்தது.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. எங்களுக்கு முன்னால் நின்ற பிரேசில் குடும்பத்துக்கு நாற்காலியைப் பார்த்து மனம் இளகிவிட்டது. "அடடா, பெரியவரு எதுக்கு நிக்கணும்? முன்னாடி போங்க, போங்க" என்று அந்த அம்மாள் வழி விட்டாள். அவள் சொன்னதைக் கேட்டு அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். அவர்களைப் பார்த்து அதற்கு முன்னால் நின்றவர்கள். யாரோ ஒரு புண்ணியவான் நாடாவையே தூக்கிப் பிடித்தான். வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்று மடிப்பைத் தாண்டி அடுத்த மடிப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஆளாளுக்கு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு நல்லவர்களை அன்றைக்கு வெறுத்ததுபோல நான் வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை.

"சக்கரம் மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

"மாட்டலை" என்றார் லானு. "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சக்கர நாற்காலிக்குத் தனி வரிசை இருக்கு. போர்டுல படம் போட்டிருக்கான். நீ என்னை இங்க கொண்டுவந்து சுத்தற. அவ சொன்னாளா?"

"சொன்னாங்க."

"என்ன குடுத்தா உனக்கு?"

"ஒண்ணும் குடுக்கலைங்கய்யா. பதினோரு வருஷம் கூட வேலை பாக்கறேன்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. நானும் ஓர் அடி தள்ளினேன். அப்புறம், என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கம்மா செத்தது வியாழக்கிழமை காலையில. எங்க பக்கம் மறுநாளே அடக்கம் பண்ணிடுவோம், உனக்கே தெரியும். நான் இவளுக்குப் போன் போட்டேன். அம்மா போயிட்டாடி, வர முடியுமான்னு கேட்டேன். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். கடல் தாண்டி இருக்கறவங்க எத்தனையோ பேரு வர்றதில்ல, யாரும் குத்தம் சொல்றதில்ல. வர்றேன்னா. வந்துகிட்டே இருக்கேண்ணா, அம்மாவை எடுத்துடாதீங்கன்னா."

தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார்.

"சூரை மீன் படகுக்குப் போடற ஐஸை வாங்கிட்டு வந்து அம்மாவைச் சுத்தி அடுக்கினேன். வெள்ளிக்கிழமை முழுக்க ஊரே முத்தத்துல உக்காந்திருந்துச்சு. வந்துடுவா, வந்துடுவான்னு எல்லாருக்கும் சொன்னேன். ஐஸ் கரைஞ்சு வாசல்வரைக்கும் ஓடிச்சு தம்பி. பாதிரியாரு ரெண்டு தடவை வந்துட்டுப் போனாரு. சனிக்கிழமை சாயந்தரம் எங்கம்மா எந்த நிலைமையில போனாங்கறது, தூக்கின நாலு பேருக்குத் தெரியும். வராததுக்கு நான் கோபப்படலை. வர்றேன்னு சொன்னதுக்குத்தான்."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் நான் மினாவின் கட்சியிலிருந்து நழுவிவிட்டேன். எதற்கு அப்படிச் சொன்னாள்? வாய் தவறி வருகிற வார்த்தையா அது?

மறுபடி அவள் பக்கமாகத் திரும்பினோம். இந்த முறை நான் மாட்டாத சக்கரத்தை நிஜமாகவே பிரேக் போட்டு நிறுத்தினேன். பின்னால் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

"மினாக்கா," என்றேன், "அண்ணன் ஐஸ் வாங்கினதைச் சொன்னாரு. இப்ப நீங்க சொல்லுங்க. நேரமில்லை."

அதே நேரம் பார்த்து முன்னால் கண்ணாடிக் கூண்டுகளில் மூன்று விளக்குகள் பச்சையாயின. புதிதாக மூன்று போலீஸ்காரர்கள் காலைப் பணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். மற்ற நாளென்றால் கை தட்டியிருப்போம். வரிசை கரைய ஆரம்பித்தது.

மினா இரண்டு கையாலும் நாடாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லலைண்ணா. கையில டிக்கெட் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில ஜண்டீராவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு இதே ஏர்போர்ட்டுக்கு வந்தேன். அவளுக்கு எட்டு மாசம், பால் குடிக்கற புள்ள. மேல இருக்கு பாருங்க, வெளிய போறவங்களுக்கு பாஸ்போர்ட் பாக்கற இடம், அங்க வரிசையில நின்னேன். எனக்கு அப்ப இந்த நாட்டுல தங்கறதுக்குப் பேப்பர் கிடையாது. விண்ணப்பம் போட்டதுக்கு ஒரு ரசீதுதான் இருந்துச்சு. அது போதும்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும்? அங்க வரிசை பாக்கற அம்மா ஒருத்தங்க ரசீதை வாங்கிப் பாத்துட்டு, காதோரமா வந்து சொன்னாங்க. பொண்ணே, இதை வச்சுக்கிட்டு நீ வெளிய போகலாம். திரும்பி உள்ள வர முடியாது."

லானு தலையைத் திருப்பவில்லை. ஆனால் தள்ளு என்றும் சொல்லவில்லை.

"முன்னாடி போக எனக்குத் தைரியம் வரலை. போனா புள்ள இங்க. வரிசைய விட்டு வெளிய வரவும் கால் வரலை. வந்தா அம்மா அங்க. என்ன பண்றதுன்னு தெரியாம அங்கயே நின்னேண்ணா. எனக்குப் பின்னாடி வர்றவங்களை எல்லாம், நீங்க முன்னாடி போங்க, நீங்க முன்னாடி போங்கன்னு விட்டுக்கிட்டே இருந்தேன். அந்த அம்மா வந்து தண்ணி குடுத்தாங்க. ஃப்ளைட் போயிடுச்சு. நான் அங்கேயேதான் நின்னேன். நீங்க ஐஸ் வச்ச நேரம் பூரா நான் வரிசையிலதான் நின்னேன்."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் லானு. பத்தொன்பது வருடத்தில் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"வெள்ளிக்கிழமை சொல்ல வாய் வரலைண்ணா. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணேன். நீங்க எடுத்துட்டு, அடக்கம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லி வச்சிட்டீங்க. அப்புறம் எடுக்கவே இல்ல."

பின்னால் நின்ற ஆள் இருமினான். எங்களுக்கு முன்னால் வரிசை வெறிச்சோடிக் கிடந்தது, அவ்வளவு சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை எடுத்துத் தள்ளித்தான் ஆக வேண்டியிருந்தது. மினா நாடாவோரமாகக் கூடவே நடந்து வந்தாள். கொஞ்ச தூரத்தில் அவள் எல்லை முடிந்தது. நின்றுவிட்டாள். மீதி மடிப்புகளை நாங்கள் ஏதோ ஓட்டப்பந்தயம்போலக் கடந்தோம். எட்டு ஆவதற்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். மேலே தொங்கும் பலகையில் லக்ஸம்பர்க்குக்கு எதிரே வாசல் எண் மினுங்கிக்கொண்டிருந்தது.

கூண்டிலிருந்த இளம் போலீஸ்காரி கையைக் காட்டினாள். நான் நாற்காலியை நகர்த்தினேன். லானு தடியைத் தரையில் ஊன்றித் தடுத்தார். பின்னால் இருமிக்கொண்டு வந்த ஆளைத் திரும்பிப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்க" என்றார்.

அவன் தயங்கிவிட்டுப் போனான். அடுத்து ஒரு கன்னியாஸ்திரி. "போங்கம்மா" என்றார். அடுத்து முதுகுப் பையோடு இரண்டு பேர். அந்தப் பிரேசில் குடும்பமும் வந்து சேர்ந்தது, அந்த அம்மாள் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இன்னும் இங்கயா இருக்கீங்க?" என்று என்னை முறைத்தாள். லானு மிகவும் மரியாதையாகத் தலையை ஆட்டி அவர்களையும் அனுப்பினார்.

"ஐயா," என்றேன் குனிந்து, "எட்டு பத்துக்கு வாசலை மூடிடுவாங்க. நடக்கற தூரம் ஜாஸ்தி."

"தெரியும். அவ அன்னைக்கு எத்தனை பேரை முன்னாடி விட்டா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"போய்க் கேட்டுட்டு வா."

நாற்காலியை விட்டுவிட்டு நாடாக்களுக்கு அடியில் குனிந்து குனிந்து மினாவிடம் ஓடினேன். அவள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"எண்ணலடா. ஃப்ளைட் கிளம்பற வரைக்கும்."

திரும்பி ஓடி வந்து அப்படியே சொன்னேன். லானு தலையை ஆட்டினார். தடியை மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நாமளும் அது வரைக்கும் நிப்போம்" என்றார்.

பதினோரு வருடத்தில் என் கையால் யாரும் விமானத்தைத் தவறவிட்டதில்லை. இதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அன்றைக்கு அந்தக் கர்வத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். எட்டு எட்டுக்கு வாசலில் இருக்கும் ஒடெட் போன் போட்டாள்.

"வால்டு, உன் வீல்சேர் எங்கடா? மூடப் போறேன்."

"மூடிடு. வரமாட்டாரு."

"என்னாச்சு, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காரு" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். லானு ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். முப்பது பேர் வரை நான் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். போலீஸ்காரி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். எட்டரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பலகையிலிருந்து லக்ஸம்பர்க் என்ற வரி மறைந்து, கீழே இருந்த ஊர்களெல்லாம் ஒரு படி மேலே ஏறின. அப்போது கூடத்தில் ஆளே இல்லை. பெரிய வரிசையின் பதினாறு மடிப்பும் சும்மா கிடந்தன.

மினா வந்தாள். நாடாவை அவிழ்த்துக் குறுக்காக வந்திருக்கலாம், அது அவள் வேலைதானே. அவிழ்க்கவில்லை. முதல் மடிப்பிலிருந்து தொடங்கி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பதினாறும் நடந்து வந்தாள். லானு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்ததும், "இவ்வளவு நேரமா?" என்றார்.

அவள் அழுதாள். அவருக்கும் தாங்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்மேல் பாய்ந்தார். "நீ என்ன வேடிக்கை பாக்கற? ஸெனைடாவுக்குப் போன் போடு. அப்பன் நாளைக்கு வருவான்னு சொல்லு. கத்துவா. கேட்டுக்க."

கத்தினாள். கேட்டுக்கொண்டேன். அத்தையும் அப்பாவும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று சொன்னதும் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

"வீட்டுல சாப்பிட என்ன இருக்கு?" என்று லானு மினாவைக் கேட்டார்.

"நேத்து மக்காச்சோளமும் பயறும் போட்டு வச்ச கச்சூப்பா இருக்குண்ணா. வெங்காயம் போட்டு வறுத்து, மேல முட்டை ஒடச்சு விடறேன். ஆனா எனக்கு ஷிஃப்ட் ரெண்டு மணிக்குத்தான் முடியும்."

"நான் நிக்கறேன் அக்கா" என்றேன். "இந்த நேரத்துல வர்றவங்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு சொல்ல எனக்குத் தெரியாதா? மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"சாவ் விசென்ட்காரன்கிட்டயா வரிசைய விட்டுட்டுப் போறது?" என்றார் லானு. ஆனால் மினா தன் கழுத்து அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியின் பிடியைப் பிடித்தாள். தானே தள்ளிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

போலீஸ்காரி பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். விசாவைப் பார்த்தாள், பழைய போர்டிங் பாஸைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"உங்க விமானம் போயிடுச்சே ஐயா. இன்னைக்கு லிஸ்பன்ல எங்க தங்கறீங்க?"

"என் தங்கச்சி வீட்டுல" என்றார் லானு.

அவள் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.